முதலில் ஓர் எருக்கஞ்செடி

கேட்டவர் சேலம் அஸ்தம்பட்டிக்காரர். கையில் இருப்பவை ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டுக்குப் போய் பூ, பூச்சி, சிலந்தி என்று நெருங்கி எடுத்துப் பார்க்கிறார். ஒன்றும் கூர்மையாக அமையவில்லை. சிறு பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா, யாருடைய படங்களைப் பார்த்துக் கற்கலாம், தேர்ந்தவர்களின் படங்களைப் பார்த்தால் உற்சாகத்துக்குப் பதில் சோர்வுதான் வருகிறதே, என்ன செய்வது என்று கேட்கிறார்.

லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். சோர்வு வருவதற்குக் காரணம், நீங்கள் நல்ல படத்தை வியந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவது. வியந்த படத்திலேயே உட்கார்ந்து அதைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினால் சோர்ந்துபோக நேரம் கிடைக்காது. எப்படிப் படிப்பது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் கருவிப் பேச்சை முடித்துவிடுவோம்.

உங்கள் 18-55 லென்ஸைக் கழற்றி, அதன் முன்பக்கம் கேமராவைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினால் அதுவே மேக்ரோ லென்ஸ் ஆகிவிடும். அதற்கான ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லென்ஸுக்கு லென்ஸ் சற்று மாறினாலும், 55 மில்லிமீட்டரில் பொருளின் உண்மை அளவை ஒட்டிய பிம்பம் சென்சரில் விழும். 28க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய இரு மடங்கு. 18ல் மூன்று மடங்கைத் தாண்டும். விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ்களில் பெரும்பாலானவை உண்மை அளவோடு, அதாவது 1:1 விகிதத்தோடு நின்றுவிடுகின்றன. அவற்றுக்குக் கொடுக்கும் பணம் வசதிக்கான பணம். திருப்பிய லென்ஸில் தானியங்கி ஃபோகஸ் கிடையாது. அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, கேமராவிலிருந்து மாற்ற முடியாது. லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே நான்கைந்து சென்டிமீட்டர்தான் மிஞ்சும்.

அபெர்ச்சருக்கு வழி உண்டு. கேனான் என்றால், லென்ஸ் நேராக இருக்கும்போதே எஃப் 8 என்று வைத்து, கூர்மையின் ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி லென்ஸைக் கழற்றுங்கள். துளை அந்த அளவிலேயே நின்றுவிடும். நிக்கானின் ஜி வகை லென்ஸ்களில் பின்புறம் ஒரு சிறிய நெம்பு இருக்கும். விட்டால் துளை முழுவதும் சுருங்கிக்கொள்ளும், ஆகவே மடித்த காகிதத்துண்டைச் செருகி வேண்டிய அளவு திறந்து வைக்க வேண்டும். இந்தத் தொல்லை பிடிக்காவிட்டால் ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள். அபெர்ச்சர் வளையம் அதன் மேலேயே இருக்கும். பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் விசாரித்தால் அலமாரி மூலையில் ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.

எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்பது கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடுகிறது என்று தெரிந்துவிடும்: 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் என்றால் அரை மடங்கு, 50 மி.மீ. குழாய் என்றால் 1:1. வீட்டில் யாரிடமாவது 55-200 போன்ற நீள லென்ஸ் இருந்தால் அதன் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறு லென்ஸைக் கவ்வவைக்கலாம். அதன் பெருக்கும் திறன் 8 டயாப்டர். 200 மி.மீ.யில் 1.6 மடங்கு தரும். பூச்சியிலிருந்து 12 சென்டிமீட்டர் அளவு தள்ளியும் நிற்கலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். மூன்றையும் வாங்கி மேசையில் அடுக்கி வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; அவர்களிடம் படங்கள் குறைவு.

கூர்மைக் குறைவுக்கு வருவோம். 1:1 அளவில், எஃப் 11 வைத்தாலும், கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பெரிய முசுறு எறும்பு ஒன்று எட்டு, பத்து மில்லிமீட்டர் நீளம். அப்படியானால் அந்த எறும்பில் எந்த ஒரு மில்லிமீட்டர் உங்களுக்கு வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் அழுத்தினால் கேமரா தன் இஷ்டத்துக்கு ஒரு காலையோ மீசையையோ தேர்ந்தெடுத்துவிடும். எஃப் 22, 32 என்று சுருக்கிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளி குறுகிய துளையில் விலகிச் சிதறி மொத்தப் படமும் மங்கும். போதாததற்கு, இந்த நெருக்கத்தில் எஃப் 11 என்பதே எஃப் 22க்கு இணையாக நடந்துகொள்கிறது. 1:1 வரை எஃப் 8க்கும் 11க்கும் இடையில் நில்லுங்கள். உருப்பெருக்கம் கூடினால் 5.6க்குத் திறங்கள்.

கிடைக்கும் மில்லிமீட்டரைச் சிக்கனமாகச் செலவழிக்கவும் வழி உண்டு. மடித்த சிறகோடு அமர்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சியைச் சரியாகப் பக்கவாட்டில், சென்சருக்கு இணையாகப் பிடித்தால் சிறகு முழுவதும் அந்த மெல்லிய தளத்துக்குள் அடங்கிவிடும். ஃபோகஸ் வளையத்தைத் தொடாதீர்கள். உடம்பை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தி, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். காற்றடித்தால் இடது கை விரல்களால் தண்டைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மேல் தாங்குங்கள். செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ஒன்றை ஒன்று விட்டு விலகாது.

அடுத்தது வெளிச்சம். லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை ஃபிளாஷுக்குக் கொடுங்கள். பழைய ஃபிளாஷ் போதும். குறைந்த சக்தியில் அது எரியும் நேரம் ஒரு நொடியின் ஆயிரக்கணக்கான பங்குகளில் ஒன்றுதான், ஆகவே கை நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். ஆனால் வெறும் ஃபிளாஷை வண்டின் முதுகில் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டுமாக வரும். ஒளி பூச்சியின் கண்ணுக்குப் பெரியதாகத் தெரிய வேண்டும். ஆப்பிள் பெட்டிக்குள் விரித்து வரும் வெள்ளை ஃபோம் தாளையோ டிரேசிங் காகிதத்தையோ வளைத்து, லென்ஸின் முனைக்கு மேல் கூரைபோல் நீட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு தாள், ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு வண்டுக்குப் பாதி வானம்.

டிஃப்யூசர், அதாவது ஒளியைப் பரப்பும் அந்தத் தாள், சரியாக இருக்கிறதா என்று சோதிக்க மலையேற வேண்டியதில்லை. சமையலறையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து மேசையில் வையுங்கள். வழவழப்பான கரும்பழுப்பு, வளைந்த முதுகு. பொன்வண்டு செய்யும் எல்லாக் குறும்பையும் அதுவும் செய்யும், பறந்து போகாது. அதன் மேல் விழும் ஒளிப்பொட்டு விளிம்பு மங்கி, அகன்று, மெல்ல நிழலில் கலக்கும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். இதில் ஒரு மாலை போனால் நஷ்டமில்லை.

இனி பிறர் படங்கள்.

தாவும் சிலந்தியின் முகப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எங்கு பார்த்தாலும் கிடைக்கும். அதன் முன்வரிசையில் நான்கு கண்கள், நடுவில் இரண்டு பெரியவை. அந்தப் பெரிய கண்களுக்குள் என்ன பிரதிபலிக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு சிறிய கூரிய புள்ளிகள் தெரிந்தால் இரட்டை ஃபிளாஷ், டிஃப்யூசர் போதவில்லை. மேல்பாதியில் அகன்ற மென்மையான வெள்ளைப் பட்டை என்றால் தலைக்கு மேல் பெரிய டிஃப்யூசர். வானமும் மரக்கிளைகளின் நிழலுருவும் தெரிந்தால் இயற்கை வெளிச்சம். எடுத்தவர் தன் ரகசியத்தைச் சொல்லாவிட்டாலும் சிலந்தியின் கண் சொல்லிவிடுகிறது.

பிறகு பின்னணி. கன்னங்கரிய பின்னணி என்றால் இரவில் எடுத்தது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பட்டப்பகலிலும் அப்படி வரும். ஃபிளாஷ் பூச்சியிலிருந்து 10 சென்டிமீட்டரிலும் பின்னால் இருக்கும் புதர் ஒரு மீட்டரிலும் இருந்தால், தூரம் பத்து மடங்கு. புதருக்குப் போய்ச் சேரும் ஒளி நூற்றில் ஒரு பங்கு. அது கருப்பாகத்தான் விழும். பச்சை வேண்டும் என்றால் பூச்சிக்குப் பின்னால் கை அகலத்தில் ஓர் இலை இருக்கும் கோணத்தைத் தேட வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சரின் ஒளியுணர்வைக் கூட்டி, ஷட்டர் வேகத்தை 1/60 நொடி அளவுக்குத் தாழ்த்தி, இருக்கிற பகல் வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். நீங்கள் பார்க்கும் படத்தில் பின்னணி பச்சையென்றால், எடுத்தவர் இவற்றில் எதைச் செய்திருப்பார் என்று ஊகியுங்கள்.

கூர்மை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். முகம் நேராக நம்மைப் பார்க்க, மீசை நுனி முதல் முதுகு வரை எல்லாமே கூர்மையாக இருந்தால் அது ஒரு படமாக இருக்க வாய்ப்பில்லை. ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் அடுக்கி ஒன்றாக்கியிருப்பார்கள். அதற்குப் பூச்சி அசையாமல் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அதிகாலை, குளிரில் விறைத்திருக்கும் நேரம். சிறகில் பனித்துளி இருக்கிறதா? நீலப்பட்டைத் தேனீ காலால் நிற்காமல் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு தொங்குகிறதா? அது அந்த ஆண் தேனீக்கள் உறங்கும் விதம். எடுத்தவர் அந்தி மங்கியபின்னோ பொழுது விடியுமுன்னோ அங்கே இருந்திருக்கிறார். உங்களிடம் இல்லாதது அவருடைய லென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் எழுந்த நேரம்தான் உங்களிடம் இல்லை.

இப்படி வாரம் ஒரு படத்தை எடுத்து, ஒரு பக்கம் எழுதுங்கள். ஒளி எங்கிருந்து, கேமரா எந்த உயரத்தில், என்ன நேரம், எதை வெட்டி ஒதுக்கியிருக்கிறார். பிறகு அதே ஒளியைப் புளியங்கொட்டையின் மேல் கொண்டுவர முயலுங்கள். பிறர் படத்தை அப்படியே செய்துபார்ப்பதில் கூச்சம் வேண்டாம், பயிற்சி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

யாருடைய படங்கள் என்றீர்கள். என் பட்டியல் ஒருதலைப்பட்சமானது. தாமஸ் ஷாஹன் என்ற அமெரிக்கரின் தாவும் சிலந்திப் படங்களில் தொடங்கலாம். பழைய லென்ஸைத் திருப்பி மாட்டி எடுத்தே உலகறிந்தவர் ஆனார். உங்கள் ரிவர்ஸ் ரிங்கை நீங்கள் ஏளனமாக நினைக்காமல் இருக்க அவர் உதவுவார். லெவன் பிஸ் என்ற பிரிட்டன்காரர் ஆக்ஸ்ஃபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சி மாதிரிகளை எடுத்த படங்கள் இன்னொரு எல்லை. ஒரு பூச்சிக்கு எட்டாயிரம் படங்களுக்கு மேல் எடுத்து இணைத்தவை அவை. உயிரோடு ஓடும் பூச்சியிடம் அதை எதிர்பார்க்க முடியாது, அவற்றோடு உங்களை ஒப்பிடுவதில் அர்த்தமும் இல்லை. ஆனால் பூச்சியின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக ஒளி அமைக்கிறாரே, அதைக் கவனியுங்கள்: கொம்புக்குப் பொருந்தும் ஒளி சிறகுக்குப் பொருந்துவதில்லை.

பூச்சியே வேண்டாம் என்பவர்கள் கார்ல் பிளாஸ்ஃபெல்டிடம் போகலாம். பெர்லினில் கலைக்கல்வி ஆசிரியர். தானே செய்த கேமராவால் செடிகளின் மொட்டையும் தண்டையும் சுருண்ட தளிரையும் முப்பது மடங்கு வரை பெரிதாக்கி, மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பல ஆண்டுகள் எடுத்தார். 1928ல், அறுபதைத் தாண்டிய வயதில்தான் வெளியுலகம் அவரைக் கவனித்தது. வெற்றுப் பின்னணி, சீரான ஒளி, வேறு ஆடம்பரம் எதுவும் இல்லை. ஏற்காட்டில் மழைக்குப் பின் பெரணிச் செடியின் தளிர் சுருள் அவிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து எடுத்துப் பாருங்கள், அவர் எதைத் தேடினார் என்று புரியும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885ல் முதன்முதலாக ஒரு பனித்துகளை நுண்ணோக்கி வழியாகப் படமெடுத்தார். 1931ல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார், எல்லாம் பனித்துகள்கள். வேறு பொருள் கிடைக்கவில்லையே என்று அவர் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

மா. கிருஷ்ணனை இந்தப் பட்டியலில் சேர்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 1912 முதல் 1996 வரை வாழ்ந்த நம் ஊர் இயற்கையியலாளர். எடுத்ததெல்லாம் யானை, மான், பறவை. கருப்பு வெள்ளையிலேயே எடுத்தார், கேமராவையும் பாகங்கள் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்டார். நிறத்தை எடுத்துவிட்டால் ஒரு படத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதை அவரிடம் பார்க்கலாம். நம்மில் பலர் எடுக்கும் பூச்சிப் படங்களிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் படங்களில் நான்கைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

புகைப்படக்காரர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மன் ஓவியர் 1699ல் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறி, இரண்டு ஆண்டுகள் பூச்சிகளை வரைந்தார். முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு முளைத்த பூச்சி எல்லாவற்றையும், அவை தின்னும் செடியோடு சேர்த்து ஒரே தாளில் வைத்தார். இன்றைய மேக்ரோ படங்களின் பெரிய குறைக்கு, அதாவது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்று எதுவும் சொல்லாமல் முகத்தை மட்டும் நீட்டும் பழக்கத்துக்கு, முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் மாற்றுச் சொல்லிவிட்டார். முகப்படங்கள் எடுத்தது போதும் என்பது என் கட்சி. போட்டிகளில் பரிசு பெறுகிறது என்பதற்காகவே எல்லோரும் அதே சிலந்தியை அதே கோணத்தில் எடுக்கிறார்கள்.

நம் பழம்பாட்டிலும் பாடம் இருக்கிறது. முல்லைத் திணைச் சங்கப் பாட்டு ஒன்றில், மழைக்குப் பின் செம்மண் வழியில் உதிர்ந்த நீலக் காயாம்பூக்களுக்கு நடுவே சிவந்த மூதாய்ப் பூச்சிகள் ஊர்கின்றன. நீலமணிக்கு இடையே பவளம் கோத்தது போல என்கிறார் புலவர். மூதாய் என்பது நாம் தம்பலப்பூச்சி என்று சொல்லும் அதே வெல்வெட் சிவப்பு. முதல் மழைக்குப் பிறகு சேலத்தைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில் இன்றும் ஊர்கிறது. காயாமரமும் ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் இருக்கிறது. செம்மண்ணின் மேல் சிவப்புப் பூச்சி தனியாக எடுபடாது, நீலம் பக்கத்தில் விழுந்தால்தான் எடுபடும் என்பதைக் கேமரா இல்லாமலேயே கண்ட கண் அது. இந்த இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வரும் படத்தை யாராவது எடுத்தால் எனக்குக் காட்டுங்கள்.

இவ்வளவு படித்த பிறகு எங்கே போவது? ஏற்காடு போகும் முன், வீட்டுக்கு அருகில் ஓர் எருக்கஞ்செடியைத் தேர்ந்தெடுங்கள். சாலையோரம், ரயில்வே பாதையோரம், காலி மனை, எங்கும் இருக்கும், யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள். வெந்தய வண்ணத்துப்பூச்சி என்று சொல்லப்படும் ஆரஞ்சு நிறப் பூச்சி அதன் இலையில் முட்டையிடும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, உடலில் மூன்று இணைக் கருங்கொம்புகள் நீட்டிய புழு அதைத் தின்று வளரும். இளந்தண்டில் மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்ன வரும் பொறிவண்டு, அசுவினியின் இனிப்பு நீருக்காகக் காவல் நிற்கும் எறும்பு. மஞ்சளும் நீலமுமாகத் தீட்டிய எருக்கு வெட்டுக்கிளி. பூவுக்கு வரும் பெரிய கருநிறத் தச்சுத் தேனீ. இவ்வளவு பேர் ஒரே செடியில் வாழ்க்கை நடத்துகிறார்கள். மெரியன் இருந்தால் சூரினாம் வரை போயிருக்க மாட்டார் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு. செடியைத் தொட்ட கையால் கண்ணையும் வியூஃபைண்டரையும் தொடாதீர்கள்.

மாமரம் இருக்கும் தோட்டத்துக்குப் போக வாய்ப்பிருந்தால் முசுறுக் கூட்டைப் பாருங்கள். அந்த எறும்புகளுக்கு நடுவே ஓர் எறும்பு கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டுக் கால் இருக்கலாம். முசுறுவைப் போலவே உருவம் கொண்ட தாவும் சிலந்தி அது. முன்னங்கால் இரண்டைத் தூக்கி மீசைபோல் ஆட்டிக்கொண்டு திரியும். தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் படம்.

மலைக்கு வருவோம். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் முட்புதர்க்காடு இலையுதிர்க்காடாகி, பிறகு சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டமாகிவிடுகிறது. பூச்சிகளும் அதற்கேற்ப மாறும். ஆனால் வளைவுகளில் வண்டியை நிறுத்திப் படமெடுக்க வேண்டாம், பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்கள் கலை ஆர்வம் தெரியாது. மேலே போய் நடங்கள். ஏரியும் பூங்காவும் கூட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் அமைதியானது. மேகாலயத்துக் குடுவைத் தாவரம் அங்கே இருக்கிறது, பூச்சியை விழுங்கும் அந்தக் குடுவையின் வாய் விளிம்பு நெருங்கிப் பார்க்க வேண்டிய பொருள். சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டில் புல்வெளி உண்டு, காற்றும் அதிகம். விடிந்த சிறிது நேரம் வரைதான் அங்கு வேலை நடக்கும். காப்பித் தோட்டங்கள் எல்லாம் தனியாருடையவை. வேலியைத் தாண்டாமல் காவலாளியிடமோ மேலாளரிடமோ கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று பெய்த எட்டு, பத்து நாளில் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூக்கும். மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அந்த நாட்களில் தேனீக்களுக்குத் தலைகால் புரியாது, நீங்கள் நெருங்குவதையும் பொருட்படுத்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூடுபனியும் காளானும் பாசியும். மூடுபனி போல் சிறந்த டிஃப்யூசரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஃபிளாஷை அணைத்துவிட்டு முக்காலியை விரியுங்கள். ஜனவரி, பிப்ரவரி விடியல் பனித்துளிக்கும் சிலந்தி வலைக்கும். வலையின் நடுவில் பெருக்கல் குறி போட்டு அமர்ந்திருக்கும் சிலந்தியைப் பின்பக்கமிருந்து, சூரியனை எதிரே வைத்து எடுத்தால் ஒவ்வோர் இழையும் தெரியும்.

கையை வைக்கும் முன் கண்ணை வையுங்கள். காப்பிச் செடியின் கிளையில் பச்சை நிற மூங்கில் குழிவிரியன் அசையாமல் கிடக்கும். அடிவாரத்துப் பாறைகளில் சுருட்டை விரியன் உண்டு. முழங்கால் ஊன்றிப் படுத்து எடுக்கும் நமக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல. விடிகாலையில் தோட்டங்களுக்குள் காட்டெருமை நிற்கும். தனியாகப் போக வேண்டாம்.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கி எடுப்பது, பசை தடவி ஒட்டி வைப்பது, நூலால் கட்டுவது எல்லாம் இந்தத் துறையில் நடக்கின்றன. இலையைக் குடையாகப் பிடித்த தவளை, நத்தை மேல் சவாரி செய்யும் பூச்சி போன்ற படங்கள் பல இப்படி அமைக்கப்பட்டவை என்று வெளிப்பட்டுமிருக்கின்றன. படத்தைப் பிரித்துப் படிக்கப் பழகியவருக்கு இவை தாமாகவே பிடிபடும்: இரவில் நடமாடும் மரத்தவளை ஏன் பட்டப்பகலில் வெட்டவெளியில் நிற்கிறது, அதன் கால் ஏன் இயல்புக்கு மாறாக நீண்டிருக்கிறது என்று மனம் கேட்கும். அத்தகைய படங்களிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள், ஒளியைக்கூட. ஆர்க்கிட்டைப் பிடுங்குவது, பாசியைப் பெயர்ப்பது, கூட்டை மறைக்கும் இலையைக் கிள்ளுவது, இவையும் வேண்டாம். இலை மறைத்தால் நூலால் ஒதுக்கி, எடுத்தபின் அவிழ்த்துவிடுங்கள்.

லென்ஸ் விஷயம் பாக்கி இருக்கிறது. ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் இப்படி எடுத்தபின் உங்கள் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் அதிகமாக இருந்து, அவை நெருங்க விடாமல் பறந்துவிடுகின்றன என்பதே உங்கள் குறையாக இருந்தால் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். 1:1 அளவிலும் பூச்சிக்கும் லென்ஸ் முனைக்கும் இடையே 15 சென்டிமீட்டர் அளவு இடைவெளி கிடைக்கும். எறும்பும் சிலந்தியும்தான் அதிகம் என்றால் திருப்பிய லென்ஸோடு இருந்துகொண்டு ஃபிளாஷை மாற்றுங்கள். காளான், பாசி, பெரணி என்றால் தரையை ஒட்டித் தாழும் முக்காலி ஒன்று போதும். எதை வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஏற்காட்டு ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சை வளர்க்கும். காளான் படம் எடுக்கப் போய் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு.